மாடியிலேந்து பறக்கற பந்துக்கு ரெண்டு கணக்கு

மொட்டை மாடி, தரைலேந்து 11.25 மீட்டர் உயரம். அங்கேர்ந்து ஒரு ரப்பர் பந்து செகண்டுக்கு 8 மீட்டர் வேகத்துல சரியா படுக்கைவாட்டுல வெளிய பறக்குது. ஜி, அதாவது புவியீர்ப்பு முடுக்கம், 10-னு வச்சுக்கலாம். எப்ப கீழ விழும், எவ்வளவு தூரம் தள்ளி விழும், விழற நேரத்துல வேகம் என்ன?

பதினொண்ணாவது பிசிக்ஸ்ல இயக்கவியல் பாடத்துல வர்ற ரொம்ப சாதாரண சம் இது, குடுத்தது ரெண்டே நம்பர். ஆனா அயனாவரத்துல டியூஷன் எடுக்க ஆரம்பிச்சதுலேந்து நான் பாக்கறேன், பசங்க வழுக்கற இடம்னு ஒண்ணு இருந்தா அது இதுதான். சாய்வா மேல எறியற புரொஜெக்டைல் கூட எப்படியோ சமாளிச்சிடுவாங்க, ஏன்னா அதுக்கு ரெடிமேடா ஃபார்முலா இருக்கு, இதுக்கு கொஞ்சம் யோசிக்கணும். சம்மை படிச்சு முடிச்ச உடனே கை நோட்டோட கடைசி பக்கத்துக்கு போகும், எல்லாரும் ஃபார்முலா லிஸ்ட் எழுதி வச்சிருக்கற பக்கம் அது, அங்க "ரேஞ்ச்"னு ஒண்ணு இருக்கும், யு ஸ்கொயர் சைன் டூ தீட்டா பை ஜி. யு-ன்னா எறியற வேகம், தீட்டான்னா எறியற கோணம்.

"மிஸ், தீட்டா குடுக்கவே இல்ல."

"படுக்கைவாட்டுலன்னு குடுத்திருக்குல்ல, அப்ப தீட்டா என்ன?"

"சைபர்."

"சரி போடு."

கொஞ்ச நேரம் பேனா ஓடற சத்தம். அப்புறம் ஒரு குரல் தயங்கித் தயங்கி வரும், "மிஸ், ஆன்சர் சைபர் வருது."

அதாவது பந்து மாடியை விட்டு எங்கயும் போகல, அங்கேயே நிக்குது! எல்லாரும் சிரிப்பாங்க, ஆனா எனக்கு இந்த சைபர் ரொம்ப பிடிக்கும், ஏன்னா அது தப்பான விடை இல்ல, வேற ஒரு கேள்விக்கு சரியான விடை. அந்த ஃபார்முலா கேக்கறது என்னன்னா, "பந்து எந்த உயரத்துலேந்து கிளம்பிச்சோ அதே உயரத்துக்கு திரும்பி வரும்போது எவ்வளவு தூரம் போயிருக்கும்"னு. தரைலேந்து மேல அடிச்ச பந்து திரும்ப தரைக்கு வரும், அதுக்கு இது சரி. படுக்கைவாட்டுல விட்ட பந்து கிளம்பின அடுத்த நொடியே இறங்க ஆரம்பிச்சிடுது, மாடி உயரத்துக்கு அது திரும்பி வரவே போறதில்ல, அந்த உயரத்துல அது இருந்தது கிளம்பின அந்த ஒரு இடத்துல மட்டும்தான், அதனால தூரம் சைபர். ஃபார்முலா பொய் சொல்லல, நாமதான் அதுகிட்ட ஆள் மாத்தி கேட்டோம். இந்த ஒரு விஷயத்தை பத்து நிமிஷம் உக்காந்து பேசினா, அதுக்கப்புறம் எந்த பாடத்துலயும் ஃபார்முலாவை எடுக்கறதுக்கு முன்னாடி "இது எதுக்கு போட்ட ஃபார்முலா"ன்னு ஒரு சந்தேகம் வரும். அந்த சந்தேகம் வந்துட்டா பாதி பிசிக்ஸ் வந்த மாதிரிதான்.

சரி, இப்ப சம்முக்கு வருவோம். நான் முதல்ல பண்ண சொல்றது, பேப்பர் நடுவுல மேலேந்து கீழ வரைக்கும் ஒரு கோடு. இடது பக்கம் "பக்கவாட்டு", வலது பக்கம் "மேல கீழ". பந்தைப் பத்தி தெரிஞ்ச ஒவ்வொரு நம்பரும் ஏதாவது ஒரு பக்கத்துக்குத்தான் சொந்தம், ரெண்டு பக்கமும் எழுத கூடாது. ஒரே கூட்டுக் குடும்பத்துல இருந்துகிட்டு மூஞ்சி குடுத்து பேசிக்காத ஓரகத்தி ரெண்டு பேர்னு வச்சுக்கோங்க, இவ அடுப்புல என்ன இருக்குன்னு அவளுக்கு தெரியாது, அவ வரவு செலவு இவளுக்கு தெரியாது, ஆனா கூடத்துல மாட்டியிருக்கற சுவர்க் கடிகாரம் மட்டும் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். அந்தக் கடிகாரம்தான் டைம். ஒரு பக்கம் டைமை கண்டுபிடிச்சா இன்னொரு பக்கத்துக்கு எடுத்துட்டு போகலாம். வேற எதையும் கோட்டைத் தாண்டி எடுத்துட்டு போக கூடாது.

இடது பக்கத்துல என்ன இருக்கு? 8. அவ்வளவுதான். பக்கவாட்டுல பந்தை யாரும் தள்ளல, யாரும் இழுக்கல, அதனால 8 கடைசி வரைக்கும் 8. வலது பக்கத்துல உயரம் 11.25, ஜி 10, அப்புறம் எழுதாம விட்டா மாட்டிக்கற ஒண்ணு, ஆரம்ப வேகம் சைபர். இதைத்தான் பசங்க எழுத மறப்பாங்க. சம்ல "8 மீட்டர் வேகம்"னு ஒரு நம்பர் கண்ணுக்கு தெரியுது, யு-ன்னா ஆரம்ப வேகம்னு மனப்பாடம் பண்ணியாச்சு, அதனால ஹெச் = யு டி + அரை ஜி டி ஸ்கொயர்ல யு-க்கு பதிலா 8-ஐ போட்டு ஒரு குவாட்ரடிக் சமன்பாடு பண்ணி அதை வேற மாங்கு மாங்குன்னு சால்வ் பண்ணுவாங்க. விடையும் ஏதோ வரும், 0.9 செகண்ட் பக்கத்துல, பாக்க நியாயமாத்தான் இருக்கும், அதுதான் ஆபத்து. அது பந்தை நேரா கீழ நோக்கி 8 மீட்டர் வேகத்துல ஓங்கி எறிஞ்சா வர்ற டைம். நம்ம பந்து கிளம்பும்போது கீழ் நோக்கி ஒரு துளி வேகம் கூட இல்ல.

அதனால வலது பக்கம்: 11.25 = 5 × டி ஸ்கொயர். டி ஸ்கொயர் 2.25. டைம் 1.5 செகண்ட். இதை இடது பக்கம் எடுத்துட்டு போனா 8 × 1.5 = 12 மீட்டர். விழும்போது கீழ் நோக்கிய வேகம் 10 × 1.5 = 15, பக்கவாட்டு வேகம் அதே 8. இங்க ஒரு கூட்டம் 15 + 8 = 23-னு எழுதும், அது கூடாது, ரெண்டும் செங்கோணத்துல இருக்கு, பிதாகரஸ்தான். 64 + 225 = 289, ரூட் போட்டா 17. ஆமா, 8, 15, 17 வர்ற மாதிரிதான் உயரத்தை 11.25-னு வச்சேன். தரையோட அது பண்ற கோணம் 62 டிகிரி வாக்குல, டேன் தீட்டா 15 பை 8. இன்னொரு கூட்டம், "தரைல விழுந்தா நின்னுடுமே மிஸ், அப்ப கடைசி வேகம் சைபர் தானே"ன்னு கேக்கும். நிக்கறது தரை அதை நிறுத்தறதால. நம்ம கணக்கு தரையைத் தொடறதுக்கு முந்தின கணத்தோட முடிஞ்சு போச்சு.

சம் முடிஞ்சது, மார்க் வந்தாச்சு. ஆனா மெட்ராஸ்ல மாடி கிரிக்கெட் ஆடின யாருக்கும் இந்த 12 மீட்டர் நம்பற மாதிரி இருக்காது. ஏன்னா எங்க தெரு முப்பது அடி ரோடு, அதாவது 9 மீட்டர் சொச்சம். நம்ம வீட்டு சுவர் ரோட்டை ஒட்டி இருக்கு, எதிர் வீடும் ரோட்டை ஒட்டி இருக்கு. 12 மீட்டர்ல விழணும்னா பந்து எதிர் வீட்டுக்குள்ள பூந்து ஹாலைத் தாண்டி போகணும். அப்ப நிஜத்துல அது எங்க படும்?

இந்தக் கேள்வியைத்தான் நான் பரீட்சைல வைப்பேன்னு சொன்னா பசங்க முறைப்பாங்க. ஆனா இங்கதான் யாருக்கு புரிஞ்சிருக்கு யாரு ஃபார்முலா போட்டாங்கன்னு தெரியும், ஏன்னா இதுல கடிகாரத்தை இடது பக்கத்துலேந்து வலது பக்கத்துக்கு எடுத்துட்டு போகணும், வழக்கத்துக்கு நேர் எதிர். ரோட்டைத் தாண்ட எவ்வளவு நேரம்? 9 பை 8, 1.125 செகண்ட். அந்த நேரத்துல எவ்வளவு இறங்கியிருக்கும்? 5 × 1.125 ஸ்கொயர், 6.33 மீட்டர். 11.25-லேந்து கழிச்சா 4.92. தரைலேந்து கிட்டத்தட்ட அஞ்சு மீட்டர் உயரம், அதாவது எதிர் வீட்டு முதல் மாடி ஜன்னல். இப்ப எல்லாருக்கும் நம்பிக்கை வந்துடும், ஏன்னா எல்லார் தெருவுலயும் அந்த ஜன்னல் ஒண்ணு இருக்கு, அதுல ஒரு மாமியும் இருப்பாங்க.

உடனே ஒருத்தன் கேட்டான், "அப்ப எவ்வளவு மெதுவா அடிச்சா மிஸ் ஜன்னல்ல படாது?" இதுக்கு மேல ஒரு டீச்சருக்கு என்ன வேணும் சொல்லுங்க. கீழ வர்றதுக்கு 1.5 செகண்ட், அது மாறாது. அந்த 1.5 செகண்டுக்குள்ள 9 மீட்டரைத் தாண்ட கூடாது. அப்ப 6 மீட்டர்/செகண்ட். 6-க்கு கீழ அடிச்சா ரோட்டுல விழும், 6-க்கு மேல போனா எதிர் வீட்டு சுவர். மாடிச் சுவத்தைத் தாண்டினா அவுட்டுன்னு ரூல் வச்சவங்க இந்தக் கணக்கை போடல, ஆனா அனுபவத்துல அதே இடத்துக்குத்தான் வந்திருக்காங்க.

"அது மாறாது"ன்னு போற போக்குல சொல்லிட்டேன், ஆனா இதுதான் எல்லாரும் தலையாட்டிட்டு உள்ளுக்குள்ள நம்பாத விஷயம். 8-ல அடிச்சாலும் 1.5 செகண்ட், 6-ல அடிச்சாலும் 1.5 செகண்ட், கையை விட்டு சும்மா நழுவ விட்டாலும் 1.5 செகண்ட். "வேகமா போனா கொஞ்ச நேரம் காத்துல மிதக்குமே மிஸ்"னு யாராவது ஒருத்தராவது கேப்பாங்க, கேக்காத வருஷம்தான் எனக்கு கவலையா இருக்கும். இதுக்கு வாயால பதில் சொல்றதை விட ஒரு ஸ்கேலும் ரெண்டு காயினும் எடுக்கறது பெட்டர். ஸ்கேலை டேபிள் ஓரத்துல பாதி வெளிய நீட்டிக்கிட்டு இருக்கற மாதிரி வைங்க, நீட்டியிருக்கற பகுதி மேல ஒரு காயின், டேபிள் விளிம்புல ஸ்கேலை ஒட்டினாப்ல இன்னொரு காயின். ஸ்கேலை படக்குன்னு பக்கவாட்டுல தட்டினா, மேல இருந்த காயின் அடியில ஆதாரம் போனதால நேரா கீழ விழும், இன்னொண்ணு அடி வாங்கி தூரமா பறக்கும். கண்ணால பாத்து எது முதல்ல விழுந்துச்சுன்னு சண்டை போடாதீங்க, கண்ணை மூடிட்டு கேளுங்க. சிமெண்ட் தரைன்னா ஒரே ஒரு "டங்". எவ்வளவு வேகமா தட்டினாலும் ஒரே "டங்"தான்.

இப்ப எல்லார் கையிலயும் போன் இருக்கு, ஸ்லோ மோஷன்ல செகண்டுக்கு 240 ஃபிரேம் எடுக்கற போனா இருந்தா இன்னும் நல்லது. டேபிள் முக்கால் மீட்டர் உயரம்னா காயின் விழ 0.39 செகண்ட், அது 94 ஃபிரேம் வரும். 24 ஃபிரேமுக்கு ஒரு தடவை நிறுத்தி, அதாவது பத்துல ஒரு பங்கு செகண்டுக்கு ஒரு தடவை, பேப்பர்ல புள்ளி வச்சா, பக்கவாட்டுல எல்லா இடைவெளியும் ஒரே அளவு. கீழ் நோக்கி பாத்தா முதல்ல 4.9 சென்டிமீட்டர், அடுத்து 14.7, அடுத்து 24.5. வகுத்து பாருங்க, 1, 3, 5. ஒத்தைப்படை எண்கள் வரிசையா வரும். ஒரு பக்கம் சீரா, ஒரு பக்கம் ஒத்தைப்படையா, ரெண்டும் ஒரே காயின்ல. நான் முதல்ல சொன்ன ஓரகத்திங்க இவங்கதான்.

இந்த 1, 3, 5-ஐ சொன்னவர் கலிலியோ. அவர்கிட்ட போன் என்ன, ஒழுங்கான கடிகாரமே கிடையாது, பாத்திரத்துலேந்து மெல்லிசா தண்ணி ஒழுக விட்டு, ஒழுகின தண்ணியை தராசுல எடை போட்டு டைம் பாத்தவர். சாய்வுப் பலகைல குண்டை உருட்டி, அது டேபிள் விளிம்பை விட்டு படுக்கைவாட்டுல பறந்து தரைல எங்க விழுதுன்னு அளந்து அவர் குறிச்சு வச்ச தாள், 1608 வாக்குல எழுதினது, இன்னைக்கும் ஃபுளோரன்ஸ் நூலகத்துல இருக்கு, ஸ்டில்மன் டிரேக்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1970கள்ல அதை எடுத்து வெளியிட்டப்பதான் இந்த ஆள் சும்மா யோசிச்சு மட்டும் சொல்லல, நிஜமாவே உருட்டி உருட்டி அளந்திருக்கார்னு பல பேருக்கு தெரிஞ்சது. அந்தப் பாதை பரவளையம்னு, அதாவது பாரபோலான்னு, அவர் நிரூபணத்தோட எழுதின புத்தகம் 1638-ல லெய்டன்ல அச்சாச்சு. முப்பது வருஷம்! நம்ம பசங்களுக்கு அது ஒரு பீரியட்.

இதே கணக்கை சேப்பாக்கத்துக்கு எடுத்துட்டு போனா இன்னும் ருசி. ஒரு வேகப்பந்து வீச்சாளர் 140 கிலோமீட்டர் வேகத்துல போடறார்னு வைங்க, பந்து கையை விட்டு போற உயரம் சுமார் 2.2 மீட்டர். சரியா படுக்கைவாட்டுல விட்டா என்ன ஆகும்? முதல் வேலை 140-ஐ 3.6-ஆல வகுக்கறது, 38.9 மீட்டர்/செகண்ட். கிலோமீட்டரை மாத்தாம அப்படியே போடறவங்களுக்கு பந்து பெவிலியனை உடைச்சுட்டு ரோட்டுக்கு வந்துடும். ஒரு கிரீஸ்லேந்து எதிர் கிரீஸ் வரைக்கும் 17.68 மீட்டர். அதைத் தாண்ட 0.455 செகண்ட். அந்த நேரத்துல விழறது, ஜி 9.8 வச்சா, 1.01 மீட்டர். அப்ப பேட்ஸ்மேன்கிட்ட வரும்போது உயரம் 1.19 மீட்டர். அது இடுப்புக்கு மேல வர்ற ஃபுல் டாஸ், நோ-பால்! காத்து கொஞ்சம் பிடிச்சு இழுக்கும், அதனால நிஜத்துல இன்னும் கொஞ்சம் இறங்கித்தான் வரும், ஆனாலும் பிட்ச்ல குத்தாது. அதாவது வேகமா போடற யாரும் பந்தை படுக்கைவாட்டுல விடறதே இல்ல, கீழ் நோக்கி குத்தித்தான் விடறாங்க, டிவில அது நம்ம கண்ணுக்கு தெரியறதில்ல.

இப்ப அதே 2.2 மீட்டர் உயரத்துலேந்து ஒரு ஸ்பின்னர் 80 கிலோமீட்டர் வேகத்துல படுக்கைவாட்டுல விடறார். 22.2 மீட்டர்/செகண்ட். தரைக்கு வர ரெண்டு பேரோட பந்துக்கும் ஒரே நேரம், 0.67 செகண்ட். அந்த 0.67-ல இவரோட பந்து 14.9 மீட்டர் போயிருக்கும், பேட்ஸ்மேனுக்கு மூணு மீட்டருக்கு கொஞ்சம் கம்மியா முன்னாடி குத்தும். வேகப்பந்து அதே 0.67 செகண்ட்ல 26 மீட்டர் போகணும், நடுவுல பேட்ஸ்மேன், ஸ்டம்ப் எல்லாத்தையும் தாண்டி கீப்பரை பாத்து போயிட்டிருக்கும். ரெண்டு பந்தும் ஒரே நேரத்துல ஒரே அளவுதான் கீழ இறங்குது, ஆனா ஒண்ணு குத்துது ஒண்ணு குத்தல. இதை போர்டுல வரைஞ்சா கடைசி பெஞ்சும் எழுந்து வந்து சந்தேகம் கேக்குது. சாதாரணமா பின்னாடி உக்காந்து போன் நோண்டற பையன் தான் "அப்ப யார்க்கருக்கு எவ்வளவு டிகிரி கீழ விடணும்"னு கேட்டான். அது படுக்கைவாட்டு சம் இல்ல, கோணம் வந்துடுது, ஆனா கோடு போட்டு ரெண்டு பக்கம் பிரிக்கற வேலை அதே வேலைதான்.

சில்லறை விஷயங்களை வேகமா சொல்லிடறேன். சம்ல "2 கிலோ எடையுள்ள கல்"லுன்னு இருந்தா அந்த 2-ஐ தேடித் தேடி எங்கயாவது போடணும்னு இல்ல, அது சும்மா உங்களை குழப்பறதுக்கு குடுத்தது. ஜி-க்கு மைனஸ் போடறதா பிளஸ் போடறதான்னு தினம் ஒரு பஞ்சாயத்து, கீழ் நோக்கி பிளஸ்னு வச்சா இந்த வகை சம்ல மைனஸே வராது, ஆனா வச்சதை கடைசி வரைக்கும் மாத்தக் கூடாது. 9.8-ஆ 10-ஆன்னு கேட்டா, சம்ல என்ன சொல்லியிருக்கோ அது. டைம் கணக்குல ஜி ரூட்டுக்குள்ள போறதால, ஜி-ல 2 சதவீத வித்தியாசம் டைம்ல 1 சதவீதமாத்தான் தெரியும், நம்ம 1.5 செகண்ட் 1.515 ஆகும், அவ்வளவே. நிஜத்துல சென்னைல ஜி 9.78, பூமத்திய ரேகைக்கு பக்கத்துல இருக்கறதால 9.8-ஐ விட ஒரு துளி கம்மி. நுங்கம்பாக்கத்துல இருந்த மெட்ராஸ் வானாய்வகத்துல 1821-ல கோல்டிங்ஹாம்னு ஒரு அதிகாரி ஊசலை ஆட விட்டு அதோட நீளத்தை நுணுக்கமா அளந்திருக்கார், அதுலேந்துதான் ஜி வரும், அதாவது இருநூறு வருஷம் முன்னாடியே நம்ம ஊருக்குன்னு தனியா ஒரு ஜி பாத்தாச்சு. கோட்டைலயும் பரங்கிமலைலயும் சுடற பீரங்கியோட வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் நடுவுல எவ்வளவு நேரம்னு பாத்து ஒலியோட வேகத்தை அளந்ததும் இவரேதான். பீரங்கி குண்டு எங்க விழுந்துச்சுன்னு யாராவது அளந்தாங்களான்னு கேக்காதீங்க, அது சும்மா நேரம் சொல்ல சுட்டது.

இனிமே கொஞ்சம் குழப்பமான வகை. விமானத்துலேந்து மூட்டை போடற சம். "180 கிலோமீட்டர் வேகத்துல, 500 மீட்டர் உயரத்துல பறக்கற விமானத்திலிருந்து நிவாரணப் பொட்டலம் விடப்படுகிறது"ன்னு இருக்கும். "விடப்படுகிறது"ன்னு இருக்கறதால ஆரம்ப வேகம் சைபர்னு முடிவு பண்ணி, இலக்குக்கு நேர் மேல வரும்போது போடணும்னு எழுதுவாங்க. விமானத்துக்குள்ள உக்காந்திருக்கறவருக்குத்தான் சைபர். தரைல நிக்கறவருக்கு அந்த பொட்டலம் ஏற்கனவே செகண்டுக்கு 50 மீட்டர் ஓடிட்டிருக்கு, விமானத்தை விட்டதும் அந்த வேகம் எங்க போகும்? 500 = 5 × டி ஸ்கொயர், டைம் 10 செகண்ட், அப்ப 500 மீட்டர் முன்னாடியே விடணும், அரை கிலோமீட்டர். காத்து இல்லைன்னு வச்சா விழற வரைக்கும் அந்தப் பொட்டலம் விமானத்துக்கு நேர் கீழயேதான் இருக்கும், பைலட் எட்டிப் பாத்தா நேரா கீழ போற மாதிரி தெரியும், கீழ இருக்கறவங்களுக்கு வளைஞ்சு வர்ற மாதிரி தெரியும். ரெண்டு பேரும் சொல்றது உண்மைதான்.

நம்பலைன்னா பீச் ஸ்டேஷன்லேந்து தாம்பரம் போற மின்சார ரயில்ல, கூட்டம் இல்லாத நேரமா பாத்து, இடுப்பு உயரத்துலேந்து ஒரு ரூபா காயினை விட்டு பாருங்க. 60-ல போற வண்டி, காயின் ஒரு மீட்டர் விழற 0.45 செகண்ட்ல ஏழரை மீட்டர் முன்னாடி போயிடுது. காயின் பின் சீட்டுக்காரர் மேல விழுதா? காலடிலதான் விழுது. அதுவும் கூடவே ஏழரை மீட்டர் வந்திருக்கு. நெருக்கடி நேரத்துல இதை பண்ணாதீங்க, குனிஞ்சு எடுக்க இடம் இருக்காது.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்ப ஹெலிகாப்டர்ல சாப்பாட்டு பொட்டலம் போட்டாங்களே, ஞாபகம் இருக்கா? அப்போ பசங்க கேட்டது நல்ல கேள்வி, "ஹெலிகாப்டர் ஏன் மிஸ் நின்னு நின்னு போடுது, டைம் வேஸ்ட் இல்லையா?" கணக்கு போட்டு பாத்தோம். 20 மீட்டர் உயரத்துல வெறும் 36 கிலோமீட்டர் வேகத்துல போனாலே, அதாவது செகண்டுக்கு 10 மீட்டர், பொட்டலம் 2 செகண்ட்ல 20 மீட்டர் தள்ளிப் போய் விழும். நம்ம ஏரியால 20 மீட்டர்னா ரெண்டு மூணு வீடு தள்ளி, சுத்தியும் தண்ணி, கை நீட்டிட்டு நிக்கற வீட்டு மாடிக்கு பதிலா பக்கத்து தெருத் தண்ணில விழும். நின்னா யு சைபர், ரேஞ்ச் சைபர், நேரா மாடில விழும். முதல்ல வந்த அந்த கேலிக்குரிய சைபர் இங்க மீட்புப் படைக்கு தேவைப்படற சைபர்.

வேகத்தை கூட்டிக்கிட்டே போனா என்ன ஆகும்னு கேக்கற பசங்களும் உண்டு. ஒரு செகண்ட்ல எதுவும் 4.9 மீட்டர் விழும். பூமி உருண்டை, படுக்கைவாட்டுல 7.9 கிலோமீட்டர் போனா தரையே 4.9 மீட்டர் கீழ வளைஞ்சு போயிடுது. அப்ப செகண்டுக்கு 7.9 கிலோமீட்டர் வேகத்துல, காத்தே இல்லாத இடத்துல ஒண்ணை படுக்கைவாட்டுல விட்டா அது விழுந்துகிட்டே இருக்கும், தரைக்கு வராது. நியூட்டன் மலை உச்சில பீரங்கியை வச்சு சொன்ன கணக்கு இது. ஸ்ரீஹரிகோட்டாலேந்து ராக்கெட் கிளம்பறப்ப வட சென்னை மாடிகள்லேந்து தெரியும், மேல ஏறினது அப்படியே சாயுது பாருங்க, அந்த சாயறதுதான் முக்கியமான வேலை, படுக்கைவாட்டு வேகத்தை சேக்கறதுக்கு.

எனக்கு ஒரு வருத்தம் இருக்கு, சொல்லிடறேன். நீட்ல பிசிக்ஸுக்கு 45 கேள்வி, ஒரு கேள்விக்கு கிடைக்கற நேரம் ஒரு நிமிஷம், தப்பா போட்டா மைனஸ் மார்க், அதனால கோச்சிங் போற பசங்க ரேஞ்ச் = யு × ரூட் ஆஃப் டூ ஹெச் பை ஜி-ன்னு ஒரு வரியா மனப்பாடம் பண்ணிட்டு வர்றாங்க. அவங்க மேல தப்பு சொல்ல மாட்டேன், நேரம் அப்படி. ஆனா அந்த ஒரு வரிக்குள்ள ரூட்டுக்குள்ள இருக்கறது டைம், வெளிய இருக்கறது வேகம்னு கூட தெரியாம வர்றாங்க. எதிர் வீட்டு ஜன்னல் கேள்வியை கேட்டா கை நின்னு போகுது. கோடு போட்டு ரெண்டு பக்கம் எழுதறவனுக்கு முதல்ல ரெண்டு நிமிஷம் ஆகும், பத்து சம் போட்டதும் அவனும் நாப்பது செகண்ட்ல முடிக்கறான், சம்மை எப்படி திருப்பிப் போட்டாலும் முடிக்கறான்.

கடைசியா என்னோட ஃபேவரைட். பரவளையத்தை கண்ணால பாக்கணும்னா தண்ணியை பாருங்க, தண்ணி லாரி பின்னாடி ஓட்டைலேந்து பீச்சிக்கிட்டு வர்றது படுக்கைவாட்டு புரொஜெக்டைல்தான், துளி துளியா. தரைல வச்ச ஒரு சின்டெக்ஸ் டேங்க்ல ஒரு மீட்டர் உயரத்துக்கு தண்ணி நிக்குது, பக்கத்துல ஒரு சின்ன ஓட்டை போட்டா தண்ணி அதிக தூரம் போக ஓட்டையை எங்க போடணும்? அடில போட்டா அழுத்தம் அதிகம், வேகமா வரும், ஆனா விழறதுக்கு உயரமே இல்ல. மேல போட்டா விழ நிறைய நேரம் இருக்கு, வேகம் இல்ல. டாரிசெல்லிங்கற விஞ்ஞானி சொன்ன மாதிரி வெளிய வர்ற வேகம் ரூட் ஆஃப் டூ ஜி × ஓட்டைக்கு மேல நிக்கற தண்ணி உயரம், விழற டைம் ரூட் ஆஃப் டூ × ஓட்டைக்கு கீழ இருக்கற உயரம் பை ஜி. பெருக்கினா தூரம் = 2 × ரூட் ஆஃப் மேல் உயரம் × கீழ் உயரம். ரெண்டும் சமமா இருந்தா பெருக்கல் பெருசு, அதனால சரியா பாதி உயரத்துல, அரை மீட்டர்ல. தூரம் ஒரு மீட்டர், தண்ணி நிக்கற உயரம் அளவுக்கே. டேங்கை ஸ்டாண்டு மேல தூக்கி வச்சா விழற உயரம் கூடிடும், அப்ப பாதிக்கும் கீழ போடணும், சீக்கிரமே அடி வரைக்கும் வந்துடும்.

அந்தக் கடைசி ஃபார்முலாவை இன்னொரு தடவை பாருங்க, அதுல ஜி இல்ல. ஒரு பொண்ணு உடனே கேட்டா, "அப்ப நிலாவுல டேங்க் வச்சாலும் அதே ஒரு மீட்டர் தானா மிஸ்?" நிலால தண்ணியை வெளிய விட்டா கொதிச்சு ஆவியாயிடும், அதை விடுங்க, கணக்கு அவ சொன்னதுதான். அங்க ஜி ஆறுல ஒரு பங்கு. தண்ணி வெளிய வர்ற வேகம் ரூட் ஆறு மடங்கு குறையும், விழற டைம் ரூட் ஆறு மடங்கு கூடும், பெருக்கினா அதே ஒரு மீட்டர். நோட்டுல ரெண்டு பக்கமா எழுதி போட்டு பாத்துட்டுத்தான் ஒத்துக்கிட்டா.